உப்புத் தண்ணி வீட்டில் இரண்டு குழாய்

கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "தண்ணி எப்படிங்க?" தண்ணீர் வருமா வராதா என்பது அதில் பாதிதான். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, மற்ற நாளெல்லாம் எது என்பது மீதிப் பாதி. சிறுவாணி வருகிற தெரு என்றால் வீட்டுக்காரர் குரலிலேயே ஒரு தெம்பு தெரியும். "போர் இருக்குங்க, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி" என்று போர்வெல்லைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தால், குளியலறைக் குழாயை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவது நல்லது. குழாயின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் கேட்க வேண்டிய கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

எங்கள் வீடு நகரத்தின் வடக்குப் பக்கம். பில்லூர் அணையிலிருந்து வரும் பவானித் தண்ணிதான் எங்களுக்கு நல்ல தண்ணி. அது முறை வைத்து வரும். மற்றதற்கெல்லாம் போர். ஆயிரம் அடியைத் தாண்டிய போர்கள் எங்கள் பக்கம் சாதாரணம். இந்தத் தண்ணியோடு குடித்தனம் நடத்தியதில் எனக்கு ஒரு எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் வருகிற மொத்த உப்புத் தண்ணியையும் வாசலிலேயே மறித்துத் திருத்த நினைப்பது வீண் வேலை. அது தொல்லை கொடுக்கிற இடங்கள் நாலைந்துதான். அந்த இடங்களுக்கு மட்டும் வேறு தண்ணி கொடுத்துவிட்டால், மற்ற இடங்களில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கக்கூஸைக் கழுவவும் வாசல் தெளிக்கவும் எந்தத் தண்ணியானால் என்ன?

முதலில் அந்த வெள்ளை என்ன என்று பார்த்துவிடலாம். நாம் உப்பு என்று சொன்னாலும் அது சமையல் உப்பு இல்லை. பெரும்பாலும் சுண்ணாம்புதான், கால்சியம் கார்பனேட். மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டு வைத்திருக்கிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் வழியில் உள்ள சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. எங்கள் ஊரில் அதற்குச் சரக்குக் குறைவில்லை. மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான் 1934-லேயே அங்கே சிமென்ட் ஆலை வந்தது. அது இல்லாத இடங்களிலும் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான்கல் அடுக்கு இருக்கும். அடியில் உள்ள பாறைகளும் மெல்ல மெல்லக் கால்சியத்தை விடும். போர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நெடுங்காலம் அந்தத் தண்ணி கல்லோடு கிடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தண்ணியைச் சூடாக்கும்போது கணக்கு அப்படியே திரும்புகிறது. கரியமில வாயு வெளியேறும், பைகார்பனேட் மறுபடி கார்பனேட் ஆகும், கரைய முடியாமல் பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையும் சமையல் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். தண்ணியில் எங்கே சூடு அதிகமோ அங்கேதான், அதாவது ஹீட்டருக்குள் சூடேறுகிற கம்பிச் சுருளான காயிலின் மேலேயே, அது முதலில் படிவது இதனால்தான். தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். அதில் கொதிக்க வைத்தால் இப்படிப் பிரிந்து போகிற பகுதிக்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது கொதித்தாலும் போகாது, அது நிரந்தரம். போர்த் தண்ணியில் இரண்டும் கலந்தே இருக்கும்.

இதில் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகர வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க், 1841-ல் தண்ணியின் கடினத்தைப் போக்க ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணிக்குள் நீற்றுச் சுண்ணாம்பைப் போடுவதுதான் அந்த முறை! சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பு. போட்ட சுண்ணாம்பு பைகார்பனேட்டோடு சேர்ந்து, இரண்டும் கார்பனேட்டாகி அடியில் தங்கிவிடும். பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றும் இந்த வழி நடப்பில் இருக்கிறது. அளவு பிசகினால் வம்பு என்பதால் வீட்டுத் தொட்டியில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

அளவுக்கு வருவோம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணியே இல்லாத இடத்தில் 600 வரை விடலாம் என்கிறது. எங்கள் போர் அந்த 600-ஐ ஒட்டியே நிற்கிறது. 600 என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது லிட்டர் பக்கெட்டில் 12 கிராம். மொட்டை மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் 600 கிராம். தினமும் ஒரு தொட்டி செலவாகிறது என்றால் தினமும் அரைக் கிலோவுக்கு மேல் சுண்ணாம்புச் சரக்கு கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்து வெளியே போகிறது. அதில் பெரும்பகுதி தங்காமல் நேரே வெளியே போய்விடுகிறது. வீட்டிலேயே தங்கிவிடும் கொஞ்சத்தால்தான் நமக்கு இவ்வளவு பாடு.

இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள டி.டி.எஸ். பேனா உதவாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இப்போது பாதி வீடுகளில் அந்தப் பேனா இருக்கிறது. அது தண்ணியில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து கரைந்திருக்கும் மொத்த உப்பை, அதாவது டி.டி.எஸ்.-ஐ, ஊகிக்கும் கருவி. சமையல் உப்பா, சுண்ணாம்பா, வேறு எதுவா என்று அதற்குத் தெரியாது. கடினத்தைப் பார்க்கத் தனியாகச் சொட்டு மருந்து மாதிரி ஒரு சோதனைப் பெட்டி விற்கிறது. சின்னக் குப்பியில் தண்ணியை எடுத்து அதில் கொடுத்திருக்கும் பொடியைக் கொஞ்சம் போட்டால் திராட்சைச் சிவப்பாகும். பிறகு சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பு மங்கி ஊதாவாகி, அடுத்த ஒரே சொட்டில் சட்டென்று நீலமாகிவிடும். அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்கும். கையால் செய்ய விருப்பமில்லை என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி முழுச் சோதனையும் செய்துகொள்ளலாம். அதுவே சிறந்தது என்பேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

பேனாவோடு நின்றால் பரவாயில்லை. கூடவே ஒரு வித்தையும் வருகிறது. ஒருநாள் தண்ணிச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். மேசைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர், ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணி, மற்றதில் அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணி. நாலு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் படும்படி வைத்து பிளக்கைச் சொருகினார். அரை நிமிடத்தில் எங்கள் தம்ளரில் மஞ்சளாக நுரை கிளம்பியது, பிறகு பச்சை, பிறகு கறுத்த சகதி. அவருடைய தம்ளர் தெளிவாகவே இருந்தது. "பாத்தீங்களா சார், இதத்தான் குழந்தைங்களுக்கு குடிக்கக் குடுக்கறீங்க" என்றார்.

கோபிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம்ளரைக் கிட்டே போய்ப் பார்த்தார். "ஏங்கண்ணு, அதுல கரையறது தண்ணியில இருக்கறதா, உன்ற கம்பியா?" என்று கேட்டார்.

அதுதான் கேள்வி. கரைவது கம்பி. இரும்புக் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் தண்ணியில் மிதக்கும். உப்புச் சத்து இல்லாத தண்ணியில் மின்சாரம் பாயாது, அதனால் கம்பி அப்படியே இருக்கும். நான் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து அவருடைய தெளிந்த தம்ளரில் போட்டேன். அதுவும் சகதியாயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே, "கம்பெனியில இப்படித்தான் காட்டச் சொல்லியிருக்காங்க சார்" என்றார். பெரியம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

சரி, வித்தை காட்டாமல் நேர்மையாக விற்கிறார்களே, வீடு முழுவதற்குமான சாஃப்ட்னர், அது வேலை செய்யாதா என்றால், நன்றாகவே செய்யும். உள்ளே சின்னச் சின்ன மணிகளாகப் பிசின் இருக்கும். தண்ணி அதன் ஊடே போகும்போது கால்சியமும் மெக்னீசியமும் மணிகளில் ஒட்டிக்கொள்ள, அவை பிடித்து வைத்திருந்த சோடியம் தண்ணிக்கு வந்துவிடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவினால் பழையபடி தயார். இதில் மாயம் எதுவும் இல்லை. தொட்டியிலிருந்து வரும் தண்ணி அப்புறம் சோப்புப் போட்டால் வழுவழுவென்று நுரைக்கும்.

ஆனால் உப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் சுண்ணாம்பை எடுக்க, ஏட்டுக் கணக்கிலேயே ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்பு வேண்டும். நடைமுறையில் இரண்டு கிராமும் அதற்கு மேலும் போகும். எங்கள் 600-க்கு, ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் உப்பு என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தினம் ஒரு கிலோ! மாதம் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி மாடிக்கு ஏற்றுவதும் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த உப்பெல்லாம் எங்கே போகிறது? கழுவிய தண்ணியோடு வெளியே. பாதாளச் சாக்கடை இல்லாத எங்கள் மாதிரிப் பகுதியில் வெளியே என்றால் உறிஞ்சு குழிக்குள். உறிஞ்சு குழியிலிருந்து நிலத்துக்குள். அந்த நிலத்திலிருந்துதான் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தண்ணி எடுக்கிறோம். தெரு முழுவதும் சாஃப்ட்னர் வைத்தால் நிலத்தடி நீர் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, டி.டி.எஸ். இதில் குறையாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வருகிறது, அவ்வளவுதான். 600 அளவுக் கடினத்தை முழுக்க எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 275 மில்லிகிராம் சோடியம் சேரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குடிக்கக் கூடாது, துளசிச் செடிக்கும் அது நல்லதில்லை. குழாயில் சுற்றிக் கட்டும் காந்தம், மின்னலைக் கருவி என்று விற்பதைப் பற்றி நாலு வரி எழுதலாம். அதற்குச் செலவிடும் பணத்தில் நாலு காயில் வாங்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காயில் என்றதும் ஹீட்டர். உப்புத் தண்ணி வீட்டில் உண்மையான பணச் செலவு இங்கேதான். எங்கள் பிளம்பர் ஹீட்டரைக் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். மெயினை நிறுத்தி, தண்ணியை வடித்து, அடியில் இருக்கிற வட்டத் தகட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகினார். தகடு இறங்கியதும் முதலில் கலங்கல் தண்ணி, அதன் பின்னால் சில்லுச் சில்லாக வெள்ளை ஓடுகள் பக்கெட்டில் சடசடவென்று விழுந்தன. காயில் சுண்ணாம்பில் முக்கி எடுத்த முறுக்கு மாதிரி இருந்தது. அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய மெக்னீசியக் கம்பி பாதிக்கு மேல் அரித்துப் போய்ப் பென்சில் கனத்துக்கு வந்திருந்தது. அந்தக் கம்பி தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைத்திருப்பது. அது தீர்ந்துபோனால் அடுத்தது தொட்டிதான். இந்தக் கம்பி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஹீட்டர் ஒழுக ஆரம்பித்த பிறகு மாற்ற நினைப்பதில் பயனில்லை.

சுண்ணாம்பு வெப்பத்தைக் கடத்துவது செம்போடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காயிலின் சூடு தண்ணிக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்கும், உறை வெடிக்கும், காயில் போகும். பிளம்பர் தெர்மோஸ்டாட்டைக் காட்டினார். முள் கடைசி வரைக்கும் திருகியிருந்தது. "ஏனுங்க, கோழி உரிக்கறதுக்காங்க இவ்வளவு சூடு?" என்றார். குளிக்க நமக்கு வேண்டியது நாற்பது, நாற்பத்திரண்டு டிகிரி. எழுபத்தைந்துக்குக் கொதிக்க வைத்துப் பச்சைத் தண்ணி கலந்து குளிப்பதில் சுண்ணாம்புக்கு மட்டும்தான் லாபம். அறுபது டிகிரியைத் தாண்டினால் படிவது வேகமெடுக்கும். ஐம்பத்தைந்தில் நிறுத்தினாலே ஹீட்டரின் ஆயுசு கூடும். கரண்ட் பில்லும் குறையும். வாளிக்குள் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மரக்கட்டையால் லேசாகத் தட்டினாலே சுண்ணாம்பு உதிர்ந்துவிடும்.

ஹீட்டர் காயில், கெட்டில், ஷவர் தலை, குழாய் முனையின் வலை இவற்றிலிருந்து சுண்ணாம்பை எடுக்க நான் பயன்படுத்துவது சிட்ரிக் ஆசிட். வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு இரண்டு மேசைக்கரண்டி, ஒருமணி நேரம் ஊறல். கொதிக்க வைக்கக் கூடாது. கால்சியம் சிட்ரேட் சூட்டில் குறைவாகவே கரையும் என்பதால் ஒரு வெள்ளை போய் இன்னொரு வெள்ளை வந்து உட்காரும். வினிகரும் செய்யும், நேரம் பிடிக்கும், வீடு முழுக்க வாசனை. இரண்டில் எதையும் ஆப்ப சோடாவோடு கலந்து பொங்க விடுகிற வீடியோக்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொங்குவது அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால்தான். சுண்ணாம்புக்கு மிஞ்சுவது வெறும் தண்ணி. படிவத்தின்மேல் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். அதுவே நுரைத்தால் அது கார்பனேட், அமிலத்துக்கு மசியும். நுரைக்கவே இல்லை என்றால் சல்பேட்டோ சிலிக்காவோ இருக்கலாம், எவ்வளவு ஊற வைத்தாலும் அசையாது.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கொண்டு குழாயைத் துடைக்கிற பழக்கம் எங்கள் தெருவில் நிறைய. அரை நிமிடத்தில் பளிச்சென்று ஆகும் என்பது உண்மை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை மட்டும் பார்த்து நிற்காது. குரோமியப் பூச்சை உரிக்கும், எவர்சில்வர் தொட்டியில் புள்ளி புள்ளியாகக் குழி விழவைக்கும், டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்டைத் தின்னும். மார்பிளும் மொசைக்கும் சுண்ணாம்பு வகைதான். அங்கே எலுமிச்சைச் சாறு சிந்தினாலே தடம் விழும். அதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு குளியலறை கழுவுகிற வேலைக்கார அம்மாக்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடிவருவதை இன்னும் பார்க்கிறோம். அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வாங்கி வைப்பது நாம்தான்.

சூட்டுக்கு அடுத்தது, காய்தல். குழாயில் தங்கிய ஒரு சொட்டு ஆவியாகும்போது தண்ணி போகும், சுண்ணாம்பு நிற்கும். இதற்கு மருந்து, தண்ணியை வழிக்கிற ரப்பர் வைப்பரும் பழைய பனியன் துணியும்தான், வேறில்லை. குளித்து முடித்தவர் சுவரிலும் குழாயிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்தால் ஆசிட்டுக்கே வேலை இருக்காது. பதினைந்து வயதுப் பையன்கள் இருக்கிற வீட்டில் இது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேட் கறுப்புக் குழாய், கறுப்பு கிரானைட் மேடை, குளியலறைக் கண்ணாடித் தடுப்பு. இந்த மூன்றையும் போர்த் தண்ணி வீட்டில் போடச் சொல்லும் இன்டீரியர் டிசைனர், தன் வீட்டில் யார் துடைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

சமையலறையில் பருப்புதான் பிரச்சினை. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் எந்தச் சோதனைப் பெட்டியும் இல்லாமல் கண்டுபிடித்த அளவுகோல். பருப்பின் செல் சுவர்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. தண்ணியில் உள்ள கால்சியம் அந்தப் பசையோடு சேர்ந்து இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழிக்கும். பெரியம்மா ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார். அது எவ்வளவு உதவுகிறதோ, அவர் கூடவே செய்கிற இன்னொரு காரியம் நிச்சயமாக உதவுகிறது: ஊற வைக்கவும் நல்ல தண்ணி, வேக வைக்கவும் நல்ல தண்ணி. பலர் வேக வைக்க மட்டும் நல்ல தண்ணி ஊற்றுகிறார்கள். ஊறும்போதே கால்சியம் உள்ளே போய்விடுகிறது. கொண்டைக்கடலைக்கும் தட்டைப் பயறுக்கும் இது இன்னும் முக்கியம். சோடா போட்டால் குழையும்தான். ருசியும் கெடும், தயமின் என்கிற பி1 வைட்டமினும் போகும்.

இட்லிப் பானைக்கு நம் வீடுகளில் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. அடித் தண்ணியில் பிழிந்த எலுமிச்சைத் தோலையோ ஒரு துண்டுப் புளியையோ போட்டு வைப்பது. அலுமினியப் பானை கறுக்காமல் இருக்கத்தான் அதைப் போடுகிறார்கள்; சுண்ணாம்பு அடியில் ஒட்டாமல் இருக்கவும் அதுவே போதும்.

சோப்பு நுரைக்காதது எல்லோருக்கும் தெரிந்த கதை. சோப்பில் உள்ள கொழுப்பமிலம் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகி பக்கெட் ஓரத்தில் சாம்பல் வளையமாக உட்கார்ந்துகொள்ளும். தலைக்கு அந்தச் சங்கடம் வராமல் இருக்க எங்கள் கொங்கு நாட்டில் அரப்பு இருக்கிறது. அரப்பும் சீயக்காயும் நுரைப்பது சபோனினால். அது கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரிப் பிசுக்காவதில்லை. ஷாம்புதான் என்றால், கடைசியில் இரண்டு மக் நல்ல தண்ணியில் அலசினால் போதும். உப்புத் தண்ணியால் முடி கொட்டுகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும் என்பது வரை ஒப்புக்கொள்கிறேன்.

சிறுநீரகக் கல் பற்றியும் கேட்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரின் கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணத்தால் வரம்பு எதையும் வைக்கவில்லை. உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே, கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கல் வந்தவர்களுக்குக்கூட மருத்துவர்கள் கால்சியத்தை அடியோடு நிறுத்தச் சொல்வதில்லை. நிறையத் தண்ணி குடிக்கத்தான் சொல்கிறார்கள். உப்புக் கரிக்கிறது என்று தண்ணியைக் குறைவாகக் குடிப்பதில்தான் ஆபத்து. முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று மேலே சொன்னதற்கும் காரணம் உடல்நலம்தான். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை பயப்பட வேண்டியது இல்லை. தெரியாமல் இருக்கிற ஃபுளோரைடும் நைட்ரேட்டும்தான் கவலை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர்த் தண்ணியின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பேனா அதைக் காட்டாது. சொட்டுப் பெட்டியும் காட்டாது.

இப்போது எங்கள் ஏற்பாடு. மாடியில் இரண்டு தொட்டி. பெரியது போர்த் தண்ணிக்கு. கக்கூஸ், பாத்திரம் கழுவுவதில் முதல் அலசல், தோட்டம், வீடு துடைப்பது எல்லாம் அதிலிருந்து. சின்னது நல்ல தண்ணிக்கு. அதிலிருந்து ஒரே ஒரு புதுக் குழாய் இறங்கி, சமையலறையில் ஒரு டேப், ஹீட்டர், வாஷிங் மெஷின் மூன்றுக்கும் போகிறது. சுவரை அதிகம் உடைக்கவில்லை, வெளிச் சுவரோடு குழாயை இறக்கிவிட்டார் பிளம்பர். சாஃப்ட்னருக்குச் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை. ஹீட்டர் வழியாகப் போவதுதான் நல்ல தண்ணி என்பதால் குளியலுக்கும் பாதி நல்ல தண்ணி கிடைத்துவிடுகிறது. ஒன்றில் மட்டும் பிளம்பர் பிடிவாதமாக இருந்தார்: இரண்டு குழாயையும் எந்த இடத்திலும் வால்வு போட்டு இணைக்கவே கூடாது. "அவசரத்துக்குன்னு ஒரு வால்வு வெப்பீங்க, அப்புறம் அத யாராச்சும் தொறந்து வெச்சிருவாங்க, ரெண்டுமே உப்பாயிரும்" என்றார். நல்ல தண்ணித் தொட்டி காலியானால் அன்றைக்குத் துணி துவைப்பதைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

நல்ல தண்ணி முறையில் வருவது எல்லாவற்றுக்கும் போதவில்லை என்றால் மழை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலான வீடுகளில் குழாயை இறக்கி மண்ணுக்குள் விட்டதோடு சரி. நிலத்தடி நீருக்கு அது வேண்டியதுதான். ஆனால் கூரையில் விழுகிறபோது கடினமே இல்லாத தண்ணியை, சுண்ணாம்புக்குள் அனுப்பிவிட்டு மறுபடி ஆயிரம் அடியிலிருந்து மோட்டார் போட்டு எடுக்கிறோம். ஆயிரம் சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் விழும். முதல் மழையில் தூசியையும் பறவை எச்சத்தையும் வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை மணல், ஜல்லி வடிகட்டி வழியாக நல்ல தண்ணித் தொட்டிக்குத் திருப்பினால் ஹீட்டருக்கும் துணிக்கும் ஐப்பசி, கார்த்திகை தாராளமாக ஓடும். குடிக்க என்றால் காய்ச்சிக்கொள்ள வேண்டும்.

இன்னும் சரி செய்யாமல் மிச்சம் இருப்பது சோலார் ஹீட்டர். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சோலார், பெரும்பாலும் போர்த் தண்ணியில்தான் ஓடுகிறது. வெயில் காலத்தில் தண்ணி எழுபது, எண்பது டிகிரிக்குப் போய்ச் செலவில்லாமல் நாள் முழுக்க நிற்கும். சுண்ணாம்புக்கு இதைவிட வசதி வேண்டுமா? கண்ணாடிக் குழாய்களின் அடியில் சேர்ந்து, வருஷா வருஷம் கழற்றிக் கழுவ வேண்டியதாகிறது. அடுத்த வேலை அதை நல்ல தண்ணித் தொட்டிக்கு மாற்றுவது. தொட்டி சோலாரைவிட உயரத்தில் இருந்தால்தான் தண்ணி தானாக இறங்கும்; எங்களுடையது அரையடி தாழ்ந்திருக்கிறது. நாலு செங்கல் வரிசை கட்டி ஏற்ற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று இப்போது மாடியில் நிற்க விடுவதில்லை. காற்று அடங்கட்டும், வந்து செய்கிறேன் என்று பிளம்பர் சொல்லியிருக்கிறார். சிமென்டும் செங்கல்லும் வாங்கி வைத்தாயிற்று.